கொடுமுடிக் கோகிலம் – 9: லட்ச ரூபாய்

கிட்டப்பா போய்விட்டார். 1933 டிசம்பர் 2. வயது இருபத்தேழு.

அந்தச் செய்தியோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். கடைசிக் காலத்தில் அவருக்கும், மேடையில் அவரோடு ஜோடி சேர்ந்து பாடி நடித்த மனைவி சுந்தராம்பாளுக்கும் இடையே விலகல் இருந்தது உண்மை. ஆனால் துக்கம் அதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. சுந்தராம்பாள் வெள்ளை உடுத்தினார். நெற்றியில் திருநீறு. இனி எந்த ஆணோடும் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று சபதம். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுதான்.

இதைக் காதல் காவியமாகவே எல்லோரும் சொல்லிவருகிறார்கள். சொல்லட்டும். நான் அந்தச் சபதத்தை நாடகக்காரர்களின் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறேன். ஸ்பெஷல் நாடக உலகில் ஒரு ஸ்திரீபார்ட் நடிகை ஜோடி வேண்டாம் என்றால் மிச்சம் என்ன? வள்ளிக்கு முருகன் வேண்டும். பவளக்கொடிக்கு அர்ஜுனன் வேண்டும். ரசிகர்கள் காசு கொடுத்ததே அந்த இருவரும் மாறிமாறிப் பாடும் தர்க்கத்துக்காகத்தான்.

1926-ல் கொழும்பில் இந்த ஜோடி முதன்முதலாக மேடையேறியது எப்படி என்பது நினைவிருக்கும். கிட்டப்பாவின் குரலுக்கு முன் இந்தப் பெண் நிற்பாளா என்று பயமுறுத்தியவர்கள் உண்டு. மைக் இல்லாத காலம். ஆர்மோனியத்தையும் மிருதங்கத்தையும் தாண்டி, கடைசியில் உட்கார்ந்திருக்கும் தரை டிக்கெட்காரன் காதில் விழவேண்டும். விழாவிட்டால் விசில் பறக்கும். கிட்டப்பா ஏறிய சுருதிக்கெல்லாம் சுந்தராம்பாளும் ஏறினார். அடுத்த ஆண்டே கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார் என்பதையும், அதனால் வந்த வேதனைகளையும் முன்பே பார்த்தோம்.

அந்தப் போட்டிதான் அவர்கள் தொழில். அதில் ஒரு பக்கம் சாய்ந்ததும் மறுபக்கத்துக்கு மேடையில் வேலை இல்லாமல் போனது.

இதற்கிடையே ஊர் மாறிக்கொண்டிருந்தது. 1931 அக்டோபர் 31-ல் சென்னை கினிமா சென்ட்ரலில் ‘காளிதாஸ்’ என்ற பேசும் படம் வந்துவிட்டது. நாயகி தமிழில் பேசினார், நாயகன் தெலுங்கில் பதில் சொன்னார்! யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஜனம் பாட்டுக்காகப் போனது. பாட்டு எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ், அதே நாடக மேடைக்காரர். நேற்றுவரை கொட்டகையில் பாடியவர்கள் இன்று பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறினார்கள், ஸ்டுடியோ அங்கேதான் இருந்தது. கிட்டப்பா மட்டும் கடைசிவரை ஒரு படத்திலும் நடிக்கவில்லை. நமக்குக் கிடைத்திருப்பது இசைத்தட்டுகளில் உள்ள அந்தக் குரல் மட்டுமே. பின்னால் வந்த எத்தனையோ பாகவதர்களுக்கு அந்தத் தட்டுகள்தான் பாடசாலை.

சுந்தராம்பாள் என்ன செய்தார்? கொடுமுடியில் அடைந்து கிடந்தார். வெளியே வரும்படி கேட்டவர்களில் காங்கிரஸ்காரர்கள் முக்கியமானவர்கள். தீரர் சத்தியமூர்த்தி சும்மா விடுகிற ஆளா? கதர், தேசியப் பாட்டு, கச்சேரி என்று மெல்ல மெல்லக் குரல் மறுபடி வெளியே வந்தது. கச்சேரியில் ஜோடி தேவையில்லை. சபதத்துக்கும் பங்கமில்லை.

இப்படியே போயிருந்தால் இந்தத் தொடரை இந்த வாரத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் அசன்தாஸ் என்ற படமுதலாளி வந்து சேர்ந்தார்.

சுந்தராம்பாளை வைத்துப் படம் எடுக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். அம்மாவுக்கோ இஷ்டமில்லை. முகத்தில் அடித்தாற்போல முடியாது என்று சொல்லவும் மனமில்லை. அதனால் ஒரு தந்திரம் செய்தார். யாரும் கொடுக்க முடியாத தொகையாகக் கேட்டுவிட்டால் ஆள் தானே எழுந்து போய்விடுவார் அல்லவா?

ஒரு லட்சம் ரூபாய் கேட்டார்.

ரயிலில் பாடிச் சில்லறை வாங்கிய சிறுமி, ‘நல்லதங்காள்’ நாடகத்தில் பசியால் துடிக்கும் மூத்த பிள்ளையாக மேடையேறிய அந்தக் குழந்தை, இப்போது கேட்பது ஒரு லட்சம். ஒரு பேசும் படத்தை முழுசாக எடுத்து முடிக்கவே அவ்வளவு வேண்டாம் என்றிருந்த காலம் அது. தென்னாட்டில் எந்த நடிகரும், ஆணோ பெண்ணோ, அந்தத் தொகையைக் கண்ணால் பார்த்ததில்லை.

அசன்தாஸ் எழுந்து போகவில்லை. சம்மதம் என்றார்.

வலை விரித்தவரே வலையில் மாட்டிக்கொண்டார். சொன்ன சொல்லும் இருக்கிறது, செய்த சபதமும் இருக்கிறது. ஆணோடு ஜோடி சேரமாட்டேன் என்ற பெண்ணுக்கு லட்ச ரூபாய் கொடுத்து, அசன்தாஸ் என்ன வேஷம் கட்டச் சொன்னார்?

(தொடரும்)