தமிழகப் பல்கலைக்கழகச் செயற்கைக்கோள்களும் வளிமண்டல ஆய்வும் (2009–2016)

தமிழகப் பல்கலைக்கழகங்கள் உருவாக்கிய செயற்கைக்கோள்களின் வரலாறு பெரும்பாலும் எடை, ஏவப்பட்ட நாள் ஆகியவற்றின் வரிசையாகவே கூறப்படுகிறது. ஆயினும் அவற்றின் அறிவியல் பயனை வரையறுத்தது சுற்றுப்பாதையே. பெரிய செயற்கைக்கோளின் தேவைக்கென வகுக்கப்பட்ட பாதையிலேயே இச்சிறு கோள்கள் உடன்பயணிகளாகச் சென்றன. இக்கட்டுரை அவ்வகையில் மூன்று கோள்களை ஆராய்கிறது.

முதலாவது, அண்ணா பல்கலைக்கழகத்தின் 40 கிலோ எடையுள்ள அனுசாட். 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி. சி-12 ஏவூர்தி, ரிசாட்-2 உடன் இதனைச் செலுத்தியது. செய்திகளைச் சேமித்துப் பின்னர் அனுப்புவதே இதன் பணி; வளிமண்டலம் அதன் நோக்கில் இடம்பெறவில்லை.

அந்நோக்கு எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தின் எஸ்.ஆர்.எம்.சாட் வழியாக வந்தது. 10.9 கிலோ எடையுள்ள இக்கோள் 2011 அக்டோபர் 12 அன்று மேகா-டிராபிக்ஸ் செயற்கைக்கோளுடன் ஏவப்பட்டது. புவியில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியில், கரியமில வாயுவும் நீராவியும் குறிப்பிட்ட அலைநீளங்களை உட்கவர்கின்றன. அக்குறைவை 900 முதல் 1700 நானோமீட்டர் வரையிலான அகச்சிவப்புப் பகுதியில் அளக்கும் நிறமாலைமானி இதில் பொருத்தப்பட்டது. மேகா-டிராபிக்ஸ் வெப்பமண்டல ஆய்வுக்குரியது. ஆதலின் பாதையின் சாய்வு 20 பாகை, உயரம் ஏறத்தாழ 867 கி.மீ. அப்பாதை நிலநடுக்கோட்டின் இருபுறமும் 20 பாகைக்குள் அடங்கியது. குமரிமுனை முதல் 13.5 பாகை வட அட்சத்தை ஒட்டிய வட எல்லை வரை தமிழகம் முழுவதும் அதற்குள் அமைந்தது. ஒரே இடத்தை வெவ்வேறு வேளைகளில் காணவும் இப்பாதை இடமளித்தது.

சத்தியபாமா பல்கலைக்கழகத்தின் 1.5 கிலோ எடையுள்ள சத்தியபாமாசாட், 2016 ஜூன் 22 அன்று கார்ட்டோசாட்-2 வரிசைக் கோளுடன் சென்றது. நீராவி, கார்பன் மோனாக்சைடு, கரியமில வாயு, மீத்தேன், ஹைட்ரஜன் புளூரைடு ஆகியவற்றின் தரவுகளைத் திரட்டுவது அதன் நோக்கம். படமெடுப்பதற்கு ஒரே வகை ஒளி வேண்டியிருந்ததால், கார்ட்டோசாட்டிற்குச் சூரிய ஒத்தியக்கப் பாதை அமைந்தது. உயரம் ஏறத்தாழ 505 கி.மீ. துருவங்களை அண்டிச் செல்லும் இப்பாதை ஏறக்குறைய உலகம் முழுவதையும் காட்டும். ஆனால் ஓரிடத்தின் பகற்பொழுதில் ஒரே வேளையைத்தான் காட்டும்.

நிலத்தை ஒட்டிய காற்றில் கரியமில வாயுவின் அளவு, தாவரங்களின் ஒளிச்சேர்க்கையால் பகலிலும் இரவிலும் வேறுபடும். ஆகவே ஒரே வாயுவை அளக்க முனைந்த இவ்விரு கோள்களின் நோக்கம் ஒன்றாயினும், பார்வை ஒன்றன்று. இவற்றின் வரலாற்றை எழுதுவோர் எடையையும் நாளையும் பதிவதோடு, பாதை, கடக்கும் வேளை, அலைநீள எல்லை ஆகியவற்றையும் பதிதல் வேண்டும். அவையின்றி எந்த வளிமண்டல அளவீட்டையும் பிறிதொன்றோடு ஒப்பிட இயலாது.