படிக்கட்டின் கீழ் ஒரு முதலமைச்சர்

"டேவிட் மார்ஷல் லண்டனில் தோற்றார், பதவி விலகினார்" என்று இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

1908இல் சிங்கப்பூரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் மார்ஷல். பேர்போன குற்றவியல் வழக்கறிஞர். ஜப்பானியரிடம் போர்க்கைதியாக இருந்தவர். 1955 ஏப்ரல் தேர்தலில் அவருடைய தொழிலாளர் முன்னணி 25 தொகுதிகளில் 10ஐ வென்றது. சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரானார்.

பதவி கிடைத்தது, உட்கார இடம் கிடைக்கவில்லை! ஆளுநர் நிக்கல் அவருக்கென்று ஓர் அறைகூட ஒதுக்கவில்லை. மரத்தடியில் மேசை போட்டு வேலை பார்ப்பேன் என்று மார்ஷல் மிரட்டிய பிறகுதான் படிக்கட்டுக்குக் கீழே ஒரு சின்ன அறை கொடுத்தார்கள். வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ரெண்டல் அரசியலமைப்பை விளக்க இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. நிதி, சட்டம், உள்நாட்டுப் பாதுகாப்பு மூன்றும் பிரிட்டிஷ் அதிகாரிகள் கையில். மீதிதான் மக்கள் தேர்ந்தெடுத்தவர்களுக்கு.

அடுத்த மாதமே ஹொக் லீ பேருந்துக் கலவரம் வந்தது. ஆனாலும் அவர் காலத்தில்தான் ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்தும் கொள்கை உருவானது. தமிழாசிரியர்களாகிய நாம் இதை அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

இனி லண்டன். 1956 ஏப்ரல், மே மாதங்களில் பேச்சு நடந்தது. உள்நாட்டுத் தன்னாட்சிக்கு பிரிட்டன் தயார்தான். ஆனால் பாதுகாப்பு மன்றத்தில் இரு தரப்பும் சமமாகப் பிரிந்தால், முடிவு சொல்லும் ஓட்டு தன் பிரதிநிதியிடமே இருக்க வேண்டும் என்றது. மார்ஷல் மறுத்தார். சுதந்திரம் பெறாவிட்டால் விலகுவேன் என்று முன்பே சொல்லியிருந்தார். ஜூனில் அப்படியே விலகினார். பிடிவாதமும் அவசரமும் அவரிடம் உண்டு, அதை மறைக்க வேண்டாம்.

அடுத்த ஆண்டு லிம் இயூ ஹொக் தலைமையில் போன குழுவுக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். மன்றத்தில் பிரிட்டனுக்கு 3, சிங்கப்பூருக்கு 3, மலாயாவுக்கு 1. முடிவு செய்யும் அந்த ஓட்டு பிரிட்டன் கையைவிட்டுப் போயிருந்தது. மார்ஷல் மறுக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் இது நடந்திருக்குமா? என் கணிப்பு, நடந்திருக்காது. நீங்கள் மாறுபடலாம். ஆனால் அந்த ஓர் ஓட்டைக் குறிப்பிடாமல் விடையை முடித்துவிடாதீர்கள்.