மூன்று முறை படித்தவர்

1910 டிசம்பர். ஜெர்மனியின் லைப்சிக் நகர நீதிமன்றத்தில் இரண்டு ஆங்கிலேயர்கள் நிற்கிறார்கள். ஒருவர் கடற்படை லெப்டினன்ட் விவியன் பிராண்டன், இன்னொருவர் ராயல் மரீன் படையின் கேப்டன் பெர்னார்ட் ட்ரெஞ்ச். அந்த ஆகஸ்டில் வடகடல் ஓரத்துத் தீவுகளில் விடுமுறைப் பயணிகள்போலச் சுற்றிக்கொண்டே கோட்டை அரண்களைக் குறிப்பெடுத்ததாக அவர்கள்மேல் உளவுக் குற்றச்சாட்டு. விசாரணையின் நடுவே பிராண்டனிடம் ஒரு நாவலைப் பற்றிக் கேட்கிறார்கள். படித்திருக்கிறீர்களா? ஆமாம், மூன்று முறை என்கிறார் அவர்.

இருவருக்கும் நான்கு ஆண்டுகள் கோட்டைச் சிறை.

அந்த நாவல் 1903-இல் லண்டனில் வெளியான 'தி ரிடில் ஆஃப் தி சாண்ட்ஸ்'. தமிழில் 'மணல்களின் புதிர்' என்று சொல்லிக்கொள்ளலாம். எழுதியவர் எர்ஸ்கின் சில்டர்ஸ். அவருடைய ஒரே நாவல் அதுதான். நவீன உளவுக் கதையின் தொடக்கம் என்று அதைச் சொல்பவர்கள் உண்டு. இந்தக் கட்டுரை நாவலைவிட அதைப் படித்தவர்களைப் பற்றியது. ஏனென்றால் நான் தேடிப்போனதில் கதையைவிட விசித்திரமாக இருந்தது அதன் வாசகர்களின் கதைதான்.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அட்டையில் 'விறுவிறுப்பான கடல் சாகசம்' என்ற வகையில் ஏதோ போட்டிருந்தார்கள். நம்பி உட்கார்ந்தேன். ஐம்பது பக்கம் தாண்டியும் துப்பாக்கியைக் காணோம், துரத்தலைக் காணோம். காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எத்தனை அடி, ஓதம் எப்போது ஏறும் எப்போது இறங்கும்... என்னடா இது, கதை கேட்டா மாலுமிப் பாடம் எடுக்கிறானே என்று மூடி வைத்துவிட்டேன். இன்றும் இந்த நாவலைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த இடத்தில்தான் இரண்டாகப் பிரிகிறார்கள். பாதியில் விட்டவர்கள் ஒரு பக்கம். வரைபடத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து மயங்கிக் கிடப்பவர்கள் இன்னொரு பக்கம். நான் முதல் கட்சியிலிருந்து இரண்டாவதற்குத் தாவியவன்.

கதை எளிது. லண்டனில் வெளியுறவுத் துறை இளைஞன் கேரதர்ஸ், செப்டம்பர் மாதத்தில் சலித்துப்போய்க் கிடக்கிறான். பழைய நண்பன் டேவிஸிடமிருந்து கடிதம்: பால்டிக் கடலில் படகில் இருக்கிறேன், வாத்து வேட்டைக்கு வா, வரும்போது ஒரு அடுப்பும் திசைகாட்டியும் இன்னும் சில சாமான்களும் வாங்கி வா. சொகுசுப் படகை எதிர்பார்த்துப் பெரிய பெட்டியோடு போகிறான். அங்கே இருப்பதோ 'டல்சிபெல்லா' என்ற சின்னஞ்சிறு படகு. பெட்டி அதன் வாசலுக்குள்ளேயே நுழையவில்லை. டேவிஸுக்கு வாத்து ஒரு சாக்குதான். ஜெர்மனியின் ஃப்ரீசியன் தீவுகளுக்குப் பின்னால் உள்ள ஆழமற்ற கடலில் டோல்மன் என்பவன் குறுக்கு வழி காட்டுவதாகச் சொல்லித் தன்னைக் கொல்லப் பார்த்தான், ஏன் என்று தெரிய வேண்டும் என்கிறான். இருவரும் போகிறார்கள். கடைசியில் தெரிவது இது: அந்தக் கரையின் சிறு கால்வாய்களிலிருந்து படைவீரர்களைத் தட்டைப் படகுகளில் ஏற்றி, இழுவைக் கப்பல்களால் இழுத்து, இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இறக்க ஜெர்மனி ஒத்திகை பார்க்கிறது.

இந்தக் கடலின் குணம் தெரியாமல் கதை பிடிபடாது. கடல் வற்றும்போது மைல் கணக்கில் மணல்திட்டு வெளியே தெரியும். நடுவில் பாம்புபோல நெளியும் சிறு ஓடைகளில் மட்டும் தண்ணீர் நிற்கும். ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தால் எல்லாம் கடல். பெரிய போர்க்கப்பல் இங்கே வர முடியாது. ஓதக் கணக்கு தெரிந்த சின்னப் படகு எங்கும் போகலாம். நாவலின் மிகச் சிறந்த பகுதியில் இருவரும் கண் தெரியாத மூடுபனியில் திசைகாட்டி, கடிகாரம், கடல் வரைபடம் ஆகியவற்றை மட்டும் நம்பித் துடுப்பு வலித்துப் போகிறார்கள். தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கிறது. தாமதித்தால் படகு தரைதட்டிவிடும். முதல் தடவை நான் தாண்டிக் குதித்த ஓதப் பக்கங்களை ஒழுங்காகப் படித்திருந்தால் மட்டுமே இந்த இடத்தில் நெஞ்சு படபடக்கும். விறுவிறுப்பை அவர் அங்கேதான் சேமித்து வைத்திருக்கிறார்.

இவ்வளவு துல்லியம் எங்கிருந்து வந்தது? அனுபவத்திலிருந்துதான். சில்டர்ஸ் 1870-இல் லண்டனில் பிறந்தவர். அப்பா ராபர்ட் சீசர் சில்டர்ஸ் இலங்கையில் சிவில் சர்வீஸ் அதிகாரியாக இருந்தவர். பாலி மொழிக்கு ஆங்கிலத்தில் அகராதி தொகுத்தவர் அவரே. அவர் காசநோயில் சீக்கிரமே இறந்துவிட, பிள்ளை வளர்ந்தது அயர்லாந்தின் விக்லோ பகுதியில், தாய்வழி உறவினரான பார்ட்டன் குடும்பத்து வீட்டில். பிறகு லண்டன் நாடாளுமன்றத்தில் எழுத்தர் வேலை. 1897-இல், பழைய உயிர்காப்புப் படகொன்றை மாற்றிக் கட்டிய 'விக்ஸன்' என்ற படகில் இதே தீவுகளுக்கிடையே சுற்றினார். டல்சிபெல்லா அதன் மறுவடிவம்.

நாவல் வந்ததும் நன்றாக விற்றது. அதில் வரும் காதலைப் பற்றி முதலில் குறைபட்டவர் ஆசிரியரேதான். கதைக்குள் ஒரு பெண்ணைச் செருகிவிட்டுத் தொல்லைப்படுவதாக நண்பருக்குக் கடிதம் எழுதினார். ஆனால் சாதாரண வாசகரோடு நிற்கவில்லை விஷயம். கடற்படை அமைச்சர் செல்போர்ன் பிரபு நாவலைத் தன் உளவுப் பிரிவிடம் கொடுத்து அறிக்கை கேட்டார். கதையாகப் பிரமாதம், போர்த்திட்டமாக உதவாது என்பதுதான் அவர்கள் வந்த முடிவின் சாரம். அந்தக் கரையில் போதிய ரயில்பாதையோ சாலையோ துறைமுக வசதியோ இல்லை. அத்தனை வீரர்களை ரகசியமாகச் சேர்ப்பது நடக்காத காரியம். ஒரு த்ரில்லருக்கு எழுதப்பட்ட மதிப்புரைகளில் இதைவிடப் பொறுப்பானது ஒன்று இருக்குமா என்று தெரியவில்லை.

ஆனால் மக்கள் மனதில் நின்றது இந்த அறிக்கை அல்ல. பிரிட்டன் வடகடல் பக்கம் ரோசைத்தில் கடற்படைத் தளம் அமைத்ததே இந்த நாவலால்தான் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது சரியல்ல. புத்தகம் அச்சில் இருக்கும்போதே ரோசைத் பற்றிய அறிவிப்பு வந்துவிட்டது. நாவலின் பின்குறிப்பிலேயே சில்டர்ஸ் அதைக் குறித்திருக்கிறார். கடைசிப் பக்கத்தைப் புரட்டினாலே தெரியும். ஆனால் ஒரு கதை நாட்டைக் காப்பாற்றியது என்று நம்புவதில் ஒரு சுகம் இருக்கிறது, இல்லையா?

அந்தச் சுகத்தை வியாபாரமாக்கத் தெரிந்தவர்கள் அடுத்து வந்தார்கள். 1906-இல் வில்லியம் லெ க்யூ 'டெய்லி மெயில்' இதழில் ஜெர்மானியப் படையெடுப்பைத் தொடராக எழுதினார். பத்திரிகை நன்றாக விற்கக்கூடிய ஊர்களின் வழியாக ஜெர்மன் படை வரும்படி கதையின் பாதையையே மாற்றினார்கள். பார்க்கிற பரிசாரகன், முடிதிருத்துபவன் எல்லாம் உளவாளியாகத் தெரிந்தார்கள். இந்தப் பீதியின் நடுவேதான் 1909-இல் பிரிட்டனின் ரகசிய சேவை அமைப்பு பிறந்தது. அடுத்த ஆண்டே பிராண்டனும் ட்ரெஞ்சும் கிளம்பினார்கள். பிராண்டன் போர்க்கும் தீவில் சிக்கினார், ட்ரெஞ்ச் எம்டனில். நாவலிலும் வரும் ஊர்தான் அந்த எம்டன். 1914 செப்டம்பரில் சென்னையைக் குண்டுவீசி, 'அவன் பெரிய எம்டன்பா' என்று நம் வாய்க்குள் நுழைந்த கப்பலுக்கு அந்த ஊரின் பெயர்தான். 1913-இல் ஜெர்மானியப் பேரரசர் இருவருக்கும் மன்னிப்புக் கொடுத்து அனுப்பினார்.

இத்தனை பேரும் நாவலில் படித்தது ஒன்றைத்தான்: ஜெர்மன்காரன் வருகிறான். ஆனால் டேவிஸ் ஜெர்மானியர்களை வெறுப்பவன் அல்ல. அவர்களுடைய உழைப்பையும் திட்டமிடலையும் வாய்விட்டு மெச்சுகிறான். வில்லன் டோல்மனும் ஜெர்மானியன் இல்லை. நாட்டை மாற்றிக்கொண்ட முன்னாள் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி அவன். அவனைப் பிடித்தபின் டேவிஸ் பழிவாங்கப் பார்ப்பதில்லை, அவன் மகளை நினைத்துத் தப்பிக்க வழி தேடுகிறான். டோல்மனோ இரவில் ஓசையில்லாமல் கடலுக்குள் இறங்கிவிடுகிறான். துரோகியாகிவிட்ட ஒருவனை என்ன செய்வது என்ற கேள்வி நாவலின் கடைசிவரை இருக்கிறது. அதைப் பற்றி அன்றைக்குப் பேசியவர்கள் குறைவு.

அந்தக் கேள்வி எழுதியவரைத் தேடி வந்தது. சில்டர்ஸ் மெல்ல மெல்ல அயர்லாந்தின் தன்னாட்சியை ஆதரிப்பவரானார். 1914 ஜூலையில் 'அஸ்கார்ட்' என்ற தன் பாய்மரப் படகில் மனைவி மோலியுடன் கிளம்பினார். ஹாம்பர்க்கில் வாங்கிய துப்பாக்கிகளை ஓர் இழுவைக் கப்பல் நடுக்கடலில் கொண்டுவந்து கொடுத்தது. படகின் உள்ளறையெல்லாம் துப்பாக்கிகளை அடைத்துக்கொண்டு, ஜூலை 26 அன்று 900 துப்பாக்கிகளை டப்ளின் அருகே ஹவுத் துறையில் பட்டப்பகலில் இறக்கினார். ஜெர்மனியிலிருந்து இழுவைக் கப்பலில் வரும் ஆயுத ஆபத்தைப் பற்றி எழுதியவரே பதினோரு ஆண்டு கழித்து இதைச் செய்தார்!

அடுத்த மாதமே உலகப்போர். இதே பிரிட்டிஷ் கடற்படை அவரை அழைத்துக்கொண்டது. ஃப்ரீசியன் கரையை அவரளவுக்கு அறிந்தவர் யார்? 1914 கிறிஸ்துமஸ் அன்று குக்ஸ்ஹாவன் மீது நடந்த கடல்விமானத் தாக்குதலில் அவர் வழிகாட்டியாகப் பறந்தார். பிற்பாடு வீரப் பதக்கமும் கொடுத்தார்கள்.

போருக்குப்பின் முழுமையாக ஐரிஷ் குடியரசின் பக்கம். 1921 ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக்கு வந்த ஐரிஷ் குழுவின் செயலாளர் அவர்தான். ஆனால் ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. உள்நாட்டுப் போர் மூண்டது. ஆர்தர் கிரிஃபித் ஐரிஷ் நாடாளுமன்றத்திலேயே அவரை ஆங்கிலேயன் என்று வசைபாடினார். பிரிட்டனின் கையாள் என்ற பேச்சும் கிளம்பியது. லண்டனிலோ அவர் பிரிட்டனுக்குத் துரோகி. உளவு நாவல் எழுதியவன் உளவாளியாகத்தானே இருப்பான்? வாசகர்களின் தர்க்கம் அப்படித்தான் ஓடும். அவர் எழுதிய டோல்மனின் சட்டையை இரண்டு நாடும் சேர்ந்து அவருக்கே மாட்டின.

1922 நவம்பர் 10 அன்று, சிறுவயதில் வளர்ந்த அதே விக்லோ வீட்டில் கைதானார். கையில் ஒரு சிறு கைத்துப்பாக்கி. முன்பு நண்பராயிருந்த மைக்கேல் காலின்ஸ் பரிசாகக் கொடுத்தது. அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தால் மரணதண்டனை என்பது புதிய அரசின் அவசரச் சட்டம். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே நவம்பர் 24 அன்று டப்ளினில் சுட்டுக் கொன்றார்கள். சுடுவதற்கு முன் அந்த வீரர்கள் ஒவ்வொருவரின் கையையும் பிடித்துக் குலுக்கினார். இன்னும் ஓரிரு அடி முன்னால் வாருங்கள், உங்களுக்குச் சுலபமாக இருக்கும் என்று சொன்னாராம். பதினாறு வயது மகனிடம், தன் மரணத்துக்குப் பொறுப்பானவர்களைத் தேடிப்போய்க் கைகுலுக்கும்படி கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மகன், எர்ஸ்கின் ஹாமில்டன் சில்டர்ஸ், 1973-இல் அயர்லாந்தின் குடியரசுத் தலைவரானார். அஸ்கார்ட் படகு இன்று டப்ளின் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இதெல்லாம் தெரிந்தபின் நாவலை மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை டோல்மன் கடலுக்குள் இறங்கும் இடத்தில் நின்றுவிட்டேன். முதல் வாசிப்பில் அது எனக்கு இரண்டு வரி, அவ்வளவுதான். வில்லன் செத்தான், கதை முடிந்தது என்று பக்கத்தைத் திருப்பியிருந்தேன். படகில் இருக்கும் இருவருக்கும் அப்படி இல்லை. அவர்களுக்கு வெற்றியில் மகிழ்ச்சியில்லை. அந்த மனிதனின் மகள் அதே படகில் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

பிராண்டன் மூன்று முறை படித்தார். எந்தத் திட்டில் எத்தனை அடி தண்ணீர் என்று பார்த்துப் பார்த்துப் படித்திருப்பார். டோல்மனின் பக்கத்தில் அவர் எத்தனை நிமிடம் நின்றிருப்பார் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.