ஊசிப் பெட்டியும் ஒளிப் பெட்டியும்

பாடும் பெட்டி ஊமையாகிவிட்டால் அதனைப் பிரித்துப் பார்க்கும் துணிவு ஒரு காலத்தில் சாதாரண மனிதனுக்கு இருந்தது. 1887-இல் பெர்லினர் உரிமை பெற்ற கிராமபோன், 1902-இல் கெய்ஸ்பர்க் என்பாரால் கல்கத்தாவிலும், மறு ஆண்டு சிங்கப்பூரிலும் பாட்டுப் பதிவு செய்தது. கைவிசையால் ஓடும் அப்பெட்டிக்கு மின்சாரம் வேண்டியதில்லை. 1917-இல் மலாயாவின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டம் தோன்றிய தென்னமரம் முதலாய கோலசிலாங்கூர்ப் பகுதிகளில், மின்விளக்கு எட்டாத லயத்திலும் அது பாடக்கூடியதாயிருந்தது. அதன் நோயும் கண்ணுக்குத் தெரிந்த நோயே. பாட்டு இழுத்தால் வில்சுருள் தளர்ந்தது. குரல் கரகரத்தால் ஊசி தேய்ந்தது. ஊசியை மாற்றச் சிறுவனுக்கும் தெரியும்.

1982 அக்டோபரில் ஜப்பானில் சி.டி. பெட்டி விற்பனைக்கு வந்தபோது இந்நிலை மாறிற்று. ஊசி போய் ஒளி வந்தது. 12 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டில், உள்ளிருந்து வெளிப்புறமாக, நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 சுற்றில் தொடங்கி 200 சுற்றில் முடியுமாறு, கண்ணுக்குப் புலப்படாத கதிர் நுண்குழிகளைப் படித்துச் செல்கிறது. இதைக் கேட்டதும் நம்மவர் கையைக் கட்டிக்கொண்டனர். ஒளிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்றனர்! இந்த அச்சத்திற்குப் பெரும்பகுதி ஆதாரமில்லை.

முதலில் வேறொரு தட்டைப் போட்டுப் பார்க்கவேண்டும். ஒன்று மட்டும் தத்தினால் குற்றம் தட்டினுடையது. எல்லாம் தத்தினால் பெட்டியினுடையது. இந்தச் சிறு ஆராய்ச்சியைச் செய்யாமல் கடைக்கு ஓடுவோரே அதிகம். தட்டை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்கவேண்டும், வட்டமாகத் தேய்க்கலாகாது. ஏனெனில், 1960-இல் ரீட், சாலமன் என்னும் இரு கணித அறிஞர் வகுத்த முறையால் பெட்டி விடுபட்ட எழுத்தைத் தானே கணக்கிட்டு நிரப்புகிறது. ஆயினும் தடத்தின் வழியே சுமார் 2.5 மில்லிமீட்டருக்குமேல் தொடர்ந்து அழிந்தால் அக்கணக்கும் கைவிடும். குறுக்குக் கீறலை மன்னிக்கும். வட்டக் கீறலை மன்னிக்காது.

எந்தத் தட்டையும் படிக்கவில்லையெனில் பெரும்பாலும் கண்ணாடி வில்லையில் தூசியோ ஈரமோ படிந்திருக்கும். வயலும் கடற்காற்றும் சூழ்ந்த சுங்கை புரோங் போன்ற ஊர்களில் ஈரத்தைச் சொல்லவும் வேண்டுமோ? குளிரறையிலிருந்து கொண்டுவந்த பெட்டியானால் ஒரு மணி நேரம் சும்மா வைத்தாலே தெளிந்துவிடும். தூசியானால், மின்கம்பியைப் பிடுங்கிய பின்னர், பஞ்சு நுனியில் ஐசோபுரோப்பைல் சாராயம் சிறிதே தோய்த்து மெத்தெனத் தொடவேண்டும். வில்லை மெல்லிய தாங்கிகளில் தொங்குவதால் அழுத்தினால் கெடும். தட்டுத் தாம்பாளம் வெளிவராமல் முனகினால், பல பெட்டிகளில் ரப்பர் வளையம் தளர்ந்ததே காரணம். ரப்பர் தளர்வதை ரப்பர்த் தோட்டத்தாருக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. அதே அளவில் வேறொன்று மாட்டினால் போதும்.

அச்சம் வேண்டிய இடம் ஒன்றுண்டு. மூடி திறந்து ஓடும்போது வில்லையை உற்றுப் பார்க்கலாகாது. புலப்படாத அக்கதிர் கண்ணைக் கெடுக்கும். மின்சாரம் நுழையும் பகுதியையும் தொடவேண்டாம்; கம்பியைப் பிடுங்கிய பின்னும் அங்குச் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். இத்தனையும் செய்தபின் தட்டைப் படிக்கவில்லையாயின், கதிர் பிறக்கும் சிறு துண்டு முதுமையடைந்திருக்கலாம். அது வீட்டு வேலையன்று. திருகுகளை முடுக்கிக் கைதேர்ந்தவரிடம் எடுத்துச் செல்லவேண்டியதுதான்.