பூட்டா, ஆளா?



கலிங்கப் போருக்குப் பிறகு போரே வேண்டாம் என்ற மன்னன் பெயரில் ஒரு நகர். அந்த அசோக் நகரில் மேடை போட்டு, ஆயுதக் கிடங்கைக் காப்பது பூட்டா, ஆளா என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள்! (சிரிப்பு)

எதிரணி நண்பர் திண்டுக்கல் பூட்டைப் புகழ்ந்துவிட்டுப் போனார். எனக்கும் அதன்மேல் மரியாதை உண்டு. ஆனா ஐயா, சாவி யார் இடுப்பில் இருக்கு? அதைச் சொல்லாமலே உட்கார்ந்துட்டாரே!

வேலூருக்கு வாங்க. கருங்கல் கோட்டை, சுற்றிலும் அகழி. 1806 ஜூலை 10, விடிவதற்கு முன்னால். உள்ளே சுமார் 1,500 இந்தியச் சிப்பாய்கள். வெள்ளையர் 69ஆம் படைப்பிரிவின் நான்கு கம்பெனிகள். அன்று வெடிமருந்துக் கிடங்கைக் கைப்பற்றியவர்கள் யார்? சுவரேறிக் குதித்த கள்ளர்களா? இல்லை. அதே கோட்டையில் நேற்றுவரை பாரா நின்றவர்கள். நெற்றியில் சாதிக்குறி வைக்காதே, கடுக்கனைக் கழற்று, தாடியை எடு, தோல் வைத்த புதுத் தலைப்பாகையைப் போடு என்று உத்தரவு. எதிர்த்தவனுக்குக் கசையடி. அடிபட்டவன் கையிலேயே கிடங்கையும் விட்டுவைத்தான் கும்பினிக்காரன்!

கும்பினி ஏட்டில் அது கலகம், கொள்ளை. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். (கைதட்டல்) தப்பிய வெள்ளைச் சிப்பாய்கள் மதில்மேல் ஏறிக்கொண்டார்கள். தோட்டா தீர்ந்தது. கிடங்குக்குப் போய்த் தேடினால், அவர்கள் கையில் சிக்கியது உதிரி மருந்துதான், தோட்டா இல்லை. ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படையோடு கில்லஸ்பி வந்து, கயிற்றைப் பிடித்து மதிலேறி, துப்பாக்கி முனை ஈட்டியால் குத்தச் சொன்னார். பிறகு நடந்தது படுகொலை. செத்த சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில்.

நண்பர் சிட்டகாங்கையும் இழுத்தார். 1930 ஏப்ரல் 18 இரவு சூர்யா சென்னின் இளைஞர்கள் இரண்டு ஆயுதக் கிடங்குகளில் புகுந்தார்கள். ஒன்று போலீஸ் கிடங்கு. இன்னொன்று துணைப்படைக் கிடங்கு. லோகநாத் பால் தலைமையில் போனவர்களுக்கு அங்கே ரைபிள் கிடைத்தது, லூயிஸ் இயந்திரத் துப்பாக்கி கிடைத்தது. தோட்டா மட்டும் கிடைக்கலை! வேறிடத்தில் வைத்திருந்தான். நாலு நாள் கழித்து ஜலாலாபாத் குன்றில், போலீஸ் கிடங்கில் எடுத்த பழைய மஸ்கட்டுகளோடு பட்டாளத்தை எதிர்த்தார்கள் அந்தப் பிள்ளைகள். பன்னிரண்டு பேர் விழுந்தார்கள்.

“பார்த்தீங்களா, ஏற்பாடுதான் காத்தது” என்கிறார் நண்பர். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துப்பாக்கியை ஒரு இடத்திலும் தோட்டாவை இன்னொரு இடத்திலும் வைத்தவன் ஏன் வைத்தான்? பூட்டு என்றைக்காவது உடையும், காவல்காரன் என்றைக்காவது திரும்புவான் என்று தெரிஞ்சுதானே வச்சான்? பூட்டை நம்பாத ஏற்பாட்டைப் பூட்டுக் கணக்கில் எழுதலாமா, நடுவர் அவர்களே?

வேலூருக்குப் பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 1807இல் சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங்கையும் தளபதி கிராடாக்கையும் லண்டனுக்குத் திருப்பி அழைத்தார்கள். பூட்டு செய்தவனை யாரும் கூப்பிடலை, ஐயா!