வழி வெட்டியவர் யார்? வண்டி விட்டவர் யார்?

சீவக சிந்தாமணியைக் கற்றவர்கள் மயிற்பொறியை மறந்திருக்கமாட்டார்கள். ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன், தனக்கு வரவிருக்கும் கேட்டை உணர்ந்து, கருவுற்றிருந்த தேவி விசயையைக் காப்பதற்காக வானிற் பறக்கும் பொறியொன்றைச் செய்விக்கிறான். மன்னன் மாண்டான். பொறியோ தேவியைச் சுமந்து சென்று சுடுகாட்டிலே இறக்கிவிட்டது. தமிழ்க் காப்பியம் கற்பனை செய்த இந்த வானவூர்தி அரண்மனைச் செலவில் உருவானது. ஆனால் அதே தமிழிலக்கியத்தில் கடலோடிய கலங்கள் பெரும்பாலும் வணிகருடையவை. மணிமேகலையில் வரும் சாதுவன் வணிகரோடுதான் கலமேறினான். பட்டினப்பாலை காட்டும் துறைமுகத்தில் அரசு செய்த வேலை, பண்டங்களுக்குப் புலி முத்திரை பொறித்துச் சுங்கங் கொண்டு காவல் காத்ததே.

கடலுக்கு வணிகன், வானுக்கு வேந்தன் என்ற இந்தப் பாகுபாடு அண்மைக் காலம்வரை உலகெங்கும் நிலைத்திருந்தது. இன்று வானத்திலும் வணிகன் கலம் விடுகிறான். விண்வெளி ஆய்வை அரசு செய்யவேண்டுமா, தனியார் செய்யவேண்டுமா என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். அந்த வாதத்துக்கு எங்கள் ஊவா மலையும் ஒரு சாட்சி சொல்லும். அதனை முதலிற் கேட்போம்.

வெலிமடையில் புகையிரத நிலையம் இல்லை. பண்டாரவளைக்குச் சென்றே நாம் ரயிலேறவேண்டும். அந்த ரயிற்பாதையின் கதை 1845ஆம் ஆண்டில் இலண்டனில் தொடங்குகிறது. கண்டிச் சீமையின் கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதற்காக இலங்கை ரயில்வே கம்பனி என்றொரு தனியார் கம்பனி அங்கே உருவாயிற்று. 1858இல் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடக்கிவைத்தார். ஆனால் மலையின் செலவு மதிப்பீட்டை மீறிற்று. 1861இல் கம்பனியின் ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. அரசாங்கம் பொறுப்பை ஏற்றது. 1867இல் ரயில் கண்டியை அடைந்தது. 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை, 1924இல் பதுளை எனப் பாதை நீண்டது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. முதலாளிமார் கேட்ட பாதையை முதலாளிமாரின் கம்பனியால் போட முடியவில்லை. பொதுப்பணம் அதனைப் போட்டது. போட்டபின்னர், தனியார் தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகள் அதன்மீது இறங்கிச் சென்றன. இலாபம் கடல் கடந்தது. பாறையைக் குடைந்தவர்களும் கொழுந்தெடுத்தவர்களும் லயத்திலேயே இருந்தார்கள். போதாக்குறைக்கு 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. பாதை போட்டது அரசா, தனியாரா என்ற கேள்வி அவர்களைப் பொறுத்தவரை அரைக் கேள்வியே. பயன் யாருக்கு என்பதே மீதி அரை.

இனி வானத்துக்கு வருவோம். விண்வெளிக் கனவை முதலிற் கண்டவன் அரசனுமல்லன், வணிகனுமல்லன். கொன்ஸ்தாந்தின் த்சியோல்கோவ்ஸ்கி என்ற, செவிப்புலன் குன்றிய ரஷ்யப் பள்ளி ஆசிரியர் 1903இல் ரொக்கெட் மூலம் விண்வெளிக்குச் செல்லும் கணிதத்தை எழுதி வெளியிட்டார். 1926இல் திரவ எரிபொருளால் இயங்கும் முதல் ரொக்கெட்டைப் பறக்கவிட்ட அமெரிக்கர் ரொபேட் கொடார்டுக்கு ஸ்மித்சோனியன் நிறுவனமும், பின்னர் குகன்ஹைம் என்ற செல்வக் குடும்பமும் பணம் கொடுத்தன. ஆனால் அடுத்த படிக்கு ஒருவரது கொடை போதவில்லை. 1957இல் ஸ்புட்னிக்கை அனுப்பியது சோவியத் அரசு. 1969இல் சந்திரனில் மனிதனை இறக்கியது அமெரிக்க அரசு. இலாபம் எப்போது வருமென்று எவராலும் சொல்ல முடியாத செலவு அது. இலாபம் தெரிந்த இடத்துக்கு வணிகன் உடனே வந்தான். 1962இல் டெல்ஸ்டார் என்ற தொலைத்தொடர்புச் செய்மதியை ஓர் அமெரிக்கத் தொலைபேசிக் கம்பனி தன் பணத்தில் செய்து, அரசின் ரொக்கெட்டுக்குக் கூலி கொடுத்து ஏற்றியது. இத்தகைய செய்மதித் தொடர்பை 1945லேயே எழுதிக்காட்டிய ஆர்தர் சி. கிளார்க், 1956 முதல் 2008இல் மறையும்வரை இலங்கையை வாழ்விடமாகக் கொண்டவர் என்பது நமக்குப் பெருமை.

பாரதத்தின் கதை இன்னும் சுவையானது. அதன் விண்வெளித் திட்டத்தின் தந்தை விக்ரம் சாராபாய் அகமதாபாத்தின் பெரிய ஆலை முதலாளி வீட்டுப் பிள்ளை. 1947இல் அவர் தொடங்கிய பௌதிக ஆய்வுகூடத்துக்கு அந்தக் குடும்பத்தின் செல்வமும் துணைநின்றது. ஆனால் ரொக்கெட் என்றதும் அவர் அரசையே நாடினார். 1963 நவம்பர் 21ஆம் திகதி, கேரளத்துத் தும்பா என்ற மீனவக் கிராமத்திலிருந்து முதல் ரொக்கெட் எழுந்தது. அங்கே மாதா கோயிலே அலுவலகமாயிற்று. ஏழை நாட்டுக்கு விண்வெளி எதற்கு என்று கேட்டவர்களுக்கு, சந்திரனுக்குப் போட்டியிட அல்ல, மக்களின் உண்மையான தேவைகளுக்கே இது என்று அவர் விளக்கினார். அவர் மறைந்த பின், 1975–76இல், அமெரிக்கச் செய்மதியொன்றைக் கடனாகப் பெற்று ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குப் பாரதம் கல்வித் தொலைக்காட்சி காட்டியது. அந்தக் கிராமத்தவரிடம் கட்டணம் வாங்கி இலாபம் பார்க்க எந்தக் கம்பனி முன்வந்திருக்கும்?

தோல்வியைத் தாங்கியதும் அரசே. 1979இல் எஸ்.எல்.வி.-3 கடலில் விழுந்தது. அதன் திட்டப் பணிப்பாளர் இராமேசுவரத்து அப்துல் கலாம். மறு ஆண்டு யூலை 18ஆம் திகதி அதே வகை ரொக்கெட் ரோகிணிச் செய்மதியை வானில் நிறுத்திற்று. முதற் தோல்வியோடு கதவை மூடாத ஒரு முதலாளி அங்கே தேவைப்பட்டார். அந்த முதலாளி பொதுமக்கள்.

2020இல் பாரத அரசு இத்துறையைத் தனியாருக்குத் திறந்தது. 2022 நவம்பரில் ஸ்கைரூட் என்ற கம்பனியின் ரொக்கெட் பறந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் விக்ரம். 2024 மே 30ஆம் திகதி சென்னை இளைஞர்களின் அக்னிகுல் கம்பனி, முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்த்த எஞ்சினைக் கொண்டு ரொக்கெட் விட்டது. அந்தக் கம்பனி வளர்ந்தது சென்னை ஐ.ஐ.டி. என்ற அரச கல்வி நிலையத்தில். ஏவுதளம் இருந்தது ஸ்ரீஹரிகோட்டா என்ற அரச நிலத்தில். அமெரிக்காவிலும் இதுவே கதை. 2002இல் தொடங்கிய ஸ்பேஸ்எக்ஸ் மூன்று முறை தோற்று, 2008 செப்டெம்பரில் வென்றது. அவ்வாண்டு டிசம்பரில் நாசா கொடுத்த 160 கோடி டொலர் ஒப்பந்தமே அதனை நிமிர்த்தியது. அந்தக் கம்பனி ரொக்கெட்டைத் திரும்ப இறக்கி மறுபடி பயன்படுத்திச் செலவைக் குறைத்தது உண்மை. அந்தத் துணிவை அரச அலுவலகத்திற் காண்பது அரிது. தனியாரின் பெருமை அங்கே இருக்கிறது, அதை மறைக்கவேண்டியதில்லை.

நமது தீவும் இந்த வரலாற்றில் ஓர் ஓரத்தில் நிற்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே துருவப் பாதைக்குச் செல்லும் ரொக்கெட்டுகள் இலங்கைக்கு மேலாகப் பறக்கலாகாது என்பதால் வளைந்து போகின்றன. அதில் எரிபொருள் வீணாகிறது. அந்த வளைவைத் தவிர்க்கவே தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் சிறிய ரொக்கெட்டுகளுக்கான புதிய ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். பாதை மறுபடி அரசினுடையது. வண்டிகள் தனியாருடையனவாகவும் இருக்கும். நாமோ 2019இல் இராவணா-1 என்ற, ஒரு கிலோகிராம் அளவான செய்மதியை ஜப்பானியப் பல்கலைக்கழகமொன்றின் உதவியோடு அனுப்பினோம். சிறிதென்றாலும் நமது பிள்ளைகள் செய்தது.

ஆனால் மலையகத்தவனுக்கு வானம் பெருமைக்குரிய பொருள் மட்டுமன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. 2025 நவம்பரில் டித்வா புயலோடு பதுளை மாவட்டத்தின் சரிவுகள் மீண்டும் இடிந்தன. மழைமேகத்தைச் செய்மதி முன்கூட்டியே காட்டும். நிலத்தின் அசைவைக்கூட அளக்கும். அந்தப் படத்தை விற்பனைப் பண்டமாக்கினால் அதனை வாங்கக்கூடியவன் யார்? காப்புறுதிக் கம்பனி வாங்கும், தோட்டக் கம்பனி வாங்கலாம். லயத்தில் தூங்குகிற குடும்பம் வாங்காது. அரசின் கையில் படம் இருந்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் போதாது. அபாயம் அறிந்த இடத்திலிருந்து மக்களை எடுத்துக் குடியேற்ற நிலமும் வீடும் வேண்டும். அதை எந்த ரொக்கெட்டும் கொண்டுவந்து இறக்காது.

ஆகவே அரசா தனியாரா என்ற வழக்கில் வரலாறு இருவரையும் விடுவிக்கிறது. இருவரையும் கண்டிக்கவும் செய்கிறது. முதல் வழியை வெட்டும் துணிவு பொதுப்பணத்துக்கே உண்டு. வெட்டிய வழியில் விரைந்தும் மலிவாகவும் ஓட்டும் திறன் தனியாருக்கு உண்டு. ஆனால் வழியின் கூலியைக் கொடுத்தவனுக்கும் அந்த வண்டியில் இடமிருக்கவேண்டும். பதுளைப் பாதையில் அந்த இடத்தைக் கேட்டுப்பெற எங்கள் முன்னோருக்குக் குரல் இருக்கவில்லை. வானப் பாதை போடப்படுகின்ற இந்தக் காலத்தில் எங்கள் பிள்ளைகளுக்குக் கல்வியும் வாக்கும் இருக்கின்றன. கேட்கவேண்டியதை அவர்கள் இப்போதே கேட்கட்டும்.