பேசாத பலகைகள்

பேசும் வசதி வேண்டாம், படிக்கவும் இணையம் பார்க்கவும் மலிவான கைக்கணினி போதும் என்ற ஆசை இந்தியாவில் இருமுறை கருவியாகி, இருமுறையும் தோற்றது. மக்கள் கைபேசியையே விரும்பினார்கள் என்பது வழக்கமான விளக்கம். எனக்கு அது அரைகுறையாகத் தோன்றுகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் உருவாக்கிய சிம்ப்யூட்டர், 2004-இல் ‘அமிடா’ என்ற பெயரில் கடைக்கு வந்தபோது தொடக்க விலையே ஏறத்தாழ 10,000 ரூபாய். ஒரே கருவியை ஊரார் பகிரலாம், அவரவர் தகவல் அவரவர் ஸ்மார்ட் கார்டில் இருக்கும் என்பது அதன் மூல எண்ணம். பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவி, நூலகமும் அச்சகமும் அமைத்ததும் பொதுவில் பகிரத்தான். அங்கே செலவை ஏற்கப் புரவலர் இருந்தார். சிம்ப்யூட்டரை ஊருக்கு ஊர் வாங்கி வைக்க எவரும் முன்வரவில்லை.

2011 அக்டோபர் 5-இல் வெளியான ஆகாஷ் பலகைக் கணினியில் விலைத் தடை நீங்கியது. ஒரு கருவிக்கு அரசு கொடுத்தது சுமார் 2,276 ரூபாய். ஆனால் வேகமில்லாத செயலி, அழுத்தினால்தான் கேட்கும் திரை, இணையத்துக்கு வைஃபை மட்டுமே. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் கிராமத்தில் அன்று வைஃபைக்கு எங்கே போவது? அப்படியானால் கைபேசிதானே வென்றது என்று கேட்கலாம். வென்றது பேச்சு அல்ல, சிம் கொண்டுவந்த இணையம். ஆகாஷின் 2,999 ரூபாய்க் கடைப் பதிப்பான யுபிஸ்லேட்டில் அதைத் தயாரித்த டேட்டாவிண்ட் நிறுவனமே சிம் வசதியைச் சேர்த்துத்தான் விற்றது.